சின்ன கோர்ஸ், குறுகிய வழி: டிஸ்க் கால்ஃப் கேள்வி-பதில்

டீ என்கிற தொடக்க இடத்திலிருந்து தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுவதுதான் டிஸ்க் கால்ஃப். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மரம் அடர்ந்த, தூரம் குறைந்த கோர்ஸ்களைப் பற்றியவை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மரங்களுக்கு நடுவே ஆடிப் பழக வேண்டும். எந்த கோர்ஸுக்குப் போகலாம்? (சான் ஹோசே)

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்குப் போங்கள். 18 கூடைகள், பெரும்பாலானவை 100 மீட்டருக்குள். சைப்ரஸ், பைன், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வழி வளைந்து வளைந்து போகும். தூர வீச்சுக்கான டிஸ்க்கை, அதாவது டிரைவரை, காரிலேயே வைத்துவிட்டுப் போனாலும் ஒன்றும் குறையாது. சான்டா க்ரூஸின் டிலாவேகா உங்களுக்கு இன்னும் பக்கம்தான், ஆனால் அங்கே சரிவும் தூரமும் அதிகம். கொஞ்சம் கை பழகியபின் போகலாம். இரண்டு இடத்துக்கும் ஒரே எச்சரிக்கை: மறைவில் நடப்பவர்கள் இருப்பார்கள். வழி முழுக்கக் கண்ணில் படாவிட்டால் ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துக் கைகாட்டிய பிறகுதான் வீச வேண்டும்.

பிலடெல்பியாவில் செட்ஜ்லி வுட்ஸ் புதியவர்களுக்கு ஏற்றதா?

ஏற்றதுதான். 1977-லிருந்து இருக்கிற கோர்ஸ். உலகின் மிகப் பழையவற்றில் ஒன்று. 27 கூடைகளையும் முதல் நாளே முடிக்க நினைக்காதீர்கள். களைத்த கை முதலில் இழப்பது குறியைத்தான். கோடையில் புதருக்குள் டிஸ்க் தேடினால் வீடு திரும்பியதும் முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி பரப்பும் லைம் நோய் உள்ள பகுதி அது.

என் டிஸ்க் எப்போதும் இடது பக்கம் போய் மரத்தில் அடிக்கிறது. என்ன செய்வது?

எந்தக் கை, எந்த டிஸ்க், எவ்வளவு தூரம் என்ற மூன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. இவை இல்லாமல் எழுதாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன். வலது கை பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னால் வர வீசுவது) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வேகம் குறைந்ததும் டிஸ்க் இடப்பக்கம் சாய்வது இயல்பு. டெஸ்ட்ராயர் போன்ற, வேக எண் 12 உள்ள டிரைவரை 70 மீட்டருக்கு வீசினால் அது தன் வேகத்தை எட்டவே எட்டாது. பாதி வழியிலேயே சாயத் தொடங்கும். ஏவியார் போன்ற பட்டரோ (கூடைக்கு அருகில் வீசும் மெதுவான டிஸ்க்) பஸ் (Buzzz) போன்ற மிட்ரேஞ்சோ (நடுத்தர தூரத்துக்கான டிஸ்க்) அதே தூரத்தை நேராகப் போய்ச் சேரும். சந்தேகம் வந்தால் ஒரு படி மெதுவான டிஸ்க்கை எடுங்கள்.

முதல் இடைவெளியிலேயே மரத்தில் அடித்துவிடுகிறேன். வலது கை, பட்டர், 60 மீட்டர். இடைவெளி 2 மீட்டர் அகலம், டீயிலிருந்து 15 மீட்டர் தள்ளி.

கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். டிஸ்க்கின் அகலத்தைக் கழித்தால் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சுமார் 90 செ.மீ. மிஞ்சும். 15 மீட்டரில் அது மூன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதே இடைவெளி 30 மீட்டரில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதிதான். ஆகவே கூடையைப் பார்த்து வீசாதீர்கள்; இடைவெளியின் நடுவே, அதற்குப் பின்னால் தெரிகிற ஏதாவதொரு மரத்தண்டைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். டீயின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் நின்று பார்த்தால் ஏதோ ஒன்றிலிருந்து இடைவெளி அகலமாகத் தெரியும். அங்கிருந்து வீசுங்கள். 60 மீட்டருக்கு ஓட்டம் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்தே வீசலாம். வீட்டருகே 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, 15 மீட்டரிலிருந்து 20 வீச்சு வீசிப் பாருங்கள். 14, 15 உள்ளே போகிறவரை மிட்ரேஞ்சைத் தொட வேண்டாம்.

வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கிளைகளை ஒடித்துவிட்டால் எல்லோருக்கும் வசதிதானே? பையில் சின்ன ரம்பம் வைத்திருக்கிறேன்.

ரம்பத்தை வீட்டில் வையுங்கள். முதலில் விதி: ஆட்டத்தின் நடுவே வழியிலுள்ள மரத்தையோ கிளையையோ நகர்த்தினால் ஒரு தண்டனை வீச்சு. வேண்டுமென்றே சேதப்படுத்தினால் போட்டியிலிருந்தே நீக்க இடமுண்டு. நிற்கும்போதும் கிளையை மிகக் குறைவாக அசைக்கிற நிலையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிற்குமிடத்தில் தரையில் உதிர்ந்து கிடப்பதை அகற்றலாம், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு விதியைவிட மரம் முக்கியம். 70 மீட்டர் கூடைக்கு அந்தக் கிளைகள்தான் கடினம். நீங்கள் ஒன்றை ஒடிப்பீர்கள், அடுத்த வாரம் இன்னொருவர் இன்னொன்றை. இரண்டே ஆண்டில் அந்தக் கூடை திறந்த புல்வெளியில் 70 மீட்டர் வீச்சாகிவிடும். அதை ஆட யாரும் காரெடுத்து வர மாட்டார்கள்.

ஏற்கெனவே இந்த மரங்கள் படும் பாடு போதும். டீக்கு முன்னால் 10, 15 மீட்டரில் நிற்கும் மரத்தின் மேல் தினமும் நூற்றுக்கணக்கில் டிஸ்க் அடிக்கும். பட்டை தெறித்து, உள்ளே உணவு கடத்தும் அடுக்கு தண்டைச் சுற்றி அறுந்தால் மரம் பிழைக்காது. ஒடித்த கிளையின் கிழிந்த காயம் வழியே பூஞ்சை நுழையும். டீயையும் கூடையையும் சுற்றி மண் மிதிபட்டு இறுகி, வேர் வெளியே வந்து, தண்ணீர் இறங்காமல் போகும். கோல்டன் கேட் பூங்காவே மணல்மேட்டில் 1870-களிலிருந்து நட்டு வளர்த்த காடு. அங்கே செத்த ஒரு மரத்தின் இடத்தில் அதேபோல் ஒன்று நிற்க ஒரு தலைமுறை ஆகும்.

உதவ வேண்டுமானால் வழி இருக்கிறது. கோர்ஸைப் பராமரிக்கும் குழுவிடம் கேட்டு, டீக்கு அருகிலுள்ள தண்டுகளைச் சுற்றி மரச்சட்டங்களை நிறுத்திக் கட்டுங்கள். தண்டை இறுக்காமல், வளர இடம் விட்டு. வேர் தெரியும் இடத்தில் மரச்சீவலை 5 முதல் 8 செ.மீ. பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். ஒரு கை அகலம் விடுங்கள். எந்தக் கிளையை வெட்டலாம் என்று முடிவெடுக்க வேண்டியது பூங்கா நிர்வாகம், ஆடுபவர் அல்ல.

சான் டியேகோ மோர்லி ஃபீல்டில் கூடைகளை ஏன் அடிக்கடி இடம் மாற்றுகிறார்கள்? பழகிய வழி வீணாகிறது.

மேலே சொன்ன காரணம்தான்: மண்ணுக்கு ஓய்வு. மனப்பாடம் செய்த ஒரே வீச்சோடு நின்றுவிடாமல் உங்களுக்கும் அது நல்லது.

சின்ன கோர்ஸுக்கு எத்தனை டிஸ்க்?

மூன்று. கூடைக்கு ஒரு பட்டர், டீயிலிருந்து வீச ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச். டீயிலிருந்து வீசுவது கடினமான பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்; மலிவானது நாலு மரத்தில் பட்டதும் விளிம்பு சப்பி வேறு மாதிரி பறக்கும்.

வலப்பக்கம் வளையும் 65 மீட்டர் கூடை. ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வரப் பக்கவாட்டில் வீசுவது) வராது. (வலது கை)

பட்டரின் வெளி விளிம்பைச் சற்று உயர்த்தி ஆன்ஹைசராக வீசுங்கள்; உங்கள் பேக்ஹேண்டில் அது வலப்பக்கம் வளையும். பலத்தைக் கூட்டாதீர்கள், கூட்டினால் உயரம் போய் மேல்கிளையில் அடிக்கும். ஃபோர்ஹேண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். ஸோன் போன்ற ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கில் (வேகத்தில் எளிதில் திரும்பாமல், முடிவில் பலமாகச் சாய்வது) தொடங்குவது சுலபம். தரையில் உருட்டிவிடும் ரோலர் வேண்டாம், வேர் அதைக் கண்ட திசைக்குத் திருப்பும்.

டொராண்டோ தீவு கோர்ஸில் ஏரிக்காற்று தொல்லை.

எதிர்காற்றில் டிஸ்க் இன்னும் வேகமாகப் போவதுபோல் நடந்துகொள்ளும்: வலது கை பேக்ஹேண்டில் வலப்பக்கம் திரும்பும், மேலே ஏறும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கை எடுத்து, தாழ்வாக, லேசான ஹைசரில் (வெளி விளிம்பைத் தாழ்த்தி) வீசுங்கள். பின்காற்று டிஸ்க்கை அமுக்கி, சாய்வை முன்கூட்டியே கொண்டுவரும். மிதப்பு அதிகமுள்ளதை எடுங்கள்.

முதல் வீச்சு மரத்தில் பட்டுக் காட்டுக்குள் போய்விட்டால் கூடையை நோக்கியே வீசலாமா?

முழங்கை அகல ஓட்டை வழியாகவா? வேண்டாம். பக்கவாட்டில் வழிக்கு வெளியே வாருங்கள். டிஸ்க் நின்ற இடத்தைக் குறிக்கும் மார்க்கருக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ள இடத்தில் ஒரு கால் இருந்தால் போதும். மற்றக் காலைப் பக்கவாட்டில் எவ்வளவு நீட்டினாலும் தடையில்லை, மார்க்கருக்கு முன்னால் போகாதவரை. மண்டியிட்டும் வீசலாம். பட்டரையே எடுங்கள். வீசும் முன் வழியில் ஆள் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். காட்டுக்குள்ளிருந்து வரும் டிஸ்க்கை அந்தப் பக்கம் நிற்பவர் எதிர்பார்க்க மாட்டார்.

வழியே இல்லாத இடத்தில் மாட்டினால்?

அந்த வீச்சைக் கைவிட்டு, ஒரு தண்டனை வீச்சோடு முந்தைய இடத்திலிருந்து மறுபடி வீசலாம். மூன்று வீச்சில் முடிய வேண்டிய கூடையில் ஐந்து வரும். புதருக்குள்ளிருந்து மூன்று முறை வீசி ஏழு எடுப்பதற்கு அது மேல்.