காய்ந்த இலை என்று நினைத்துக் கடந்திருப்பீர்கள்

வணக்கம் ஐயா,

மொனாக் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்துக்கு மெக்சிக்கோவுக்குப் போகும் இலையுதிர்காலப் பயணம் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி, செப்ரெம்பர் நடுப்பகுதியில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கனடாவின் ஈரி ஏரிக்கரையில் உள்ள பொயின்ற் பீலிக்குப் போனோம். நாலு மணித்தியால ஓட்டம். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை நின்று கண்டது ஏழோ எட்டோ. எங்கள் வளவுக்கே அதைவிடக் கூட வரும். எங்கே பிழை விட்டோம்? சின்னவள் வேறு கேட்கிறாள்: இங்கே பிறந்த பூச்சிக்கு மெக்சிக்கோவுக்கு வழி சொன்னது யார்?

க., ஸ்காபரோ

அன்புள்ள க.,

பிழை நேரத்தில். முதல்தரம் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். வெயில் ஏறியதும் அவை சூடான காற்றில் பருந்துபோல வட்டமிட்டு மேலே போய்விடும். கீழே நிற்கிற எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

போகவேண்டியது பின்னேரம், அல்லது விடியப்புறம். ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையில் காற்று எதிர்த்தால் ஏரியைக் கடக்காமல் மரங்களில் தங்கும். இரண்டாம்தரம் போன அன்று, ஒரு செடார் மரத்தில் காய்ந்த இலை தொங்குகிறது என்று பேசாமல் கடந்துவிட்டேன். செடாரில் ஏது அகல இலை என்று உறைக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. திரும்பி வந்து பார்த்தால் கொப்பு முழுக்கப் பூச்சி. மூடிய சிறகின் வெளிப்பக்கம் மங்கல் நிறம், அதனால்தான் கண் ஏமாறுகிறது. விடிய வெப்பம் 13 பாகைக்குக் கீழே; பறக்க ஏலாமல் சிறகை நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. வெயில் பட்ட கொப்பு மட்டும் முதலில் செம்மஞ்சளாக விரிந்தது.

சின்னவளுக்கு: வழி சொல்ல ஒருவரும் இல்லை. போன வருடம் போனவற்றின் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்தான் இவை. கோடையில் பிறப்பவை சில கிழமைகளில் செத்துவிடும். இந்தத் தலைமுறை மட்டும் முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டு எட்டு மாதமளவு வாழும். சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கும். சூரியன் நகருமே, அதைச் சரிக்கட்டும் மணிக்கூடு அதன் உணர்கொம்பில் இருக்கிறது. கொம்புக்குக் கறுப்பு மை பூசிப் பார்த்தார்கள், திசை பிசகிவிட்டது.

இவை குளிர்காலத்துக்கு எங்கே போகின்றன என்று தேடியவர் ஒருவகையில் உங்கள் ஊர்க்காரர். ஸ்காபரோ கல்லூரியில் விலங்கியல் படிப்பித்த ஃபிரெட் ஏர்கட். மனைவி நோராவுடன் பல பத்தாண்டுகளாகச் சிறகுகளில் சிறு சீட்டு ஒட்டி அனுப்பினார். 1975 ஜனவரியில், அவருடைய தேடலுக்கு உதவிய கென் புரூகரும் மெக்சிக்கோக்காரியான கத்தலினா அகுவாடோவும் மிச்சோக்கான் மலைக்காட்டில் அந்த இடத்தைக் கண்டார்கள். ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நாளையொட்டி வரும் அந்தப் பூச்சிகளை அந்த ஊர்ச்சனம் செத்தவர்களின் ஆவியாகவே வரவேற்று வந்தது. அடுத்த வருடம் ஏர்கட் அங்கே போனபோது பூச்சிகளின் பாரத்தில் ஒரு கொப்பு முறிந்து விழுந்தது. விழுந்த குவியலில் ஒன்றின் சிறகில் சீட்டு. மினசோட்டாவில் பள்ளிப் பையன்கள் ஒட்டியது.

உங்கள் வளவுக்கு ஏன் வருகிறது? மில்க்வீட் நிற்கும். எங்கள் எருக்கலைக்குச் சொந்தம், ஒடித்தால் அதே பால். புழு தின்பது அதை மட்டும்தான், வெட்டிவிடாதேங்கோ.

வாற செப்ரெம்பரில் நாலு மணித்தியாலம் ஓடவும் தேவையில்லை. ரொறன்ரோவிலேயே ஏரிக்குள் நீளும் லெஸ்லி வீதி முனைக்கு வெள்ளெனப் போய்ப் பாருங்கள். சின்னவளிடம் ஒரு வேலை கொடுங்கள்: பின்சிறகில் நரம்போடு ஒட்டிய கறுப்புப் பொட்டு இருந்தால் ஆண். எத்தனை ஆண் என்று அவளே எனக்கு எழுதட்டும்.