சமைக்காமலே சமையல் புத்தகம் வாசிப்பது, பார்த்த தொடரையே நாவலாக வாசிப்பது: இதில் என்ன கிடைக்கிறது?

கேள்வியில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, அடுப்புப் பக்கமே போகாமல் உட்கார்ந்து வாசிக்கிற சமையல் புத்தகம். இன்னொன்று, டிவி தொடர் ஒன்றின் கதாபாத்திரங்களை வைத்து எழுதப்படுகிற நாவல். இவையெல்லாம் வாசிப்புக் கணக்கில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கும். பல வருடங்களாக வாங்கி வாசிக்கிறேன். தீவிர வாசகர்கள் பலர் இவற்றைப் புத்தகமாகவே மதிப்பதில்லை என்பதும் தெரியும், அதில் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டுக்கும் பக்கத்திலேயே திரை நிற்கிறது: ஒன்றுக்குச் சமையல் நிகழ்ச்சி, மற்றதற்குத் தொடர். படம்தான் இருக்கிறதே, புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு இவை இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தால் மட்டுமே முடிகிற காரியம் எது என்று இங்கேதான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் நாவல்கள். 1960-களில் ஒரு தொடரின் அத்தியாயம் ஒளிபரப்பாகி முடிந்தால் அவ்வளவுதான். வீட்டில் பதிவு செய்து வைக்க வழி இல்லை. மறுஒளிபரப்பு வந்தால் உண்டு. பிடித்த கதையிடம் நினைத்தபோது திரும்பிப் போக அச்சுதான் துணை. பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமான உண்மை. பிபிசி அந்தக் காலத்து நாடாக்கள் பலவற்றை அழித்துவிட்டது. 1960-களின் அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றும் படமாகக் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் கதைகளுக்கு நாவல்கள் இருக்கின்றன. 1973 முதல் டார்கெட் பதிப்பகம் வரிசையாக வெளியிட்ட மெல்லிய புத்தகங்கள் அவை. தொடருக்கு வரும் கதைகளைத் திருத்திச் சீராக்கும் பொறுப்பில் இருந்த டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் 60-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். குறுகிய வாக்கியம், நேரான கதை. பள்ளி வயதில் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கவே பழகினோம் என்று சொல்கிற ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது.

அவற்றை விட எனக்குப் பிடித்தது, அந்தத் தொடருக்கு 1964-இல் வந்த முதல் நாவல். எழுதியவர் டேவிட் விட்டேக்கர், தொடரின் கதைகளைத் திருத்தும் பொறுப்பை முதலில் ஏற்றவர் அவர்தான். டிவியில் இரண்டு பள்ளி ஆசிரியர்கள் தங்கள் மாணவியைப் பின்தொடர்ந்து ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போவார்கள், அங்கேதான் எல்லாம் தொடங்கும். நாவலில் அந்தத் தொடக்கமே கிடையாது. பனி மூடிய இரவு, ஒரு சாலை விபத்து, மூடுபனிக்குள்ளிருந்து தடுமாறி வரும் பெண், நடந்ததை 'நான்' என்று சொல்லிக்கொண்டு போகும் இயான் (டிவியில் அந்த ஆசிரியர்களில் ஒருவர்). தான் வளர்த்த தொடரின் கதையையே விட்டேக்கர் தைரியமாக மாற்றியிருக்கிறார். டிவியில் முன்பு வந்ததைப் பார்க்காத ஒருவரும் இந்தப் புத்தகத்தை எடுக்கலாம், அவருக்கு உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும் என்று யோசித்திருக்கிறார். கதை சொல்கிறவரும் கதைக்குள் மாட்டிக்கொண்டவர் என்பதால், அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. கேமரா வெளியே நின்று காட்டியதை இந்த 'நான்' உள்ளே இருந்து சொல்கிறது.

இந்த வகை எழுத்தாளருக்குக் கட்டுப்பாடு அதிகம். கதாபாத்திரங்கள் அவருக்குச் சொந்தமில்லை. முக்கியமானவர் யாரையும் சாகடிக்க முடியாது, கல்யாணம் செய்து வைக்க முடியாது. பொதுவாகக் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் முதல் பக்கத்தில் இருந்த இடத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். எழுதியதை உரிமையாளர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதைக் காட்டித்தான் பலர் இந்த நாவல்களை ஒதுக்குகிறார்கள். நான் இதற்காகவே வாசிக்கிறேன். வெளியே எதையும் அசைக்க முடியாதபோது எழுத்தாளருக்கு மிச்சம் இருப்பது மனம் மட்டும்தான். நல்ல எழுத்தாளர் அங்கே போய்விடுகிறார்.

'மங்க்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற, எல்லாம் சீராக இருந்தாக வேண்டும் என்று தவிக்கிற துப்பறிவாளர். திரையில் அந்தத் தவிப்பு நடிகரின் முகத்திலும் விரல்களிலும் வந்துவிடும். எழுத்தில் அந்த முகம் இல்லை. லீ கோல்ட்பர்க் 2006 முதல் எழுதிய நாவல்களில் கதையை அந்தத் துப்பறிவாளரின் உதவியாளர் நடாலியின் வாயில் கொடுத்தார். துப்பறிவாளரின் தலைக்குள்ளிருந்து சொன்னால் கொலையாளி யார் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், துப்பறியும் கதைகளில் பழைய உத்திதான் இது. ஆனால் கிடைத்த பலன் அதைவிடப் பெரிது. திரையில் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் களைப்பு, பணக்கவலை, அந்த மனிதர் மேல் அவளுக்கு இருக்கும் எரிச்சலும் பிரியமும் கலந்த உணர்வு, இவையெல்லாம் நாவலில்தான் முழுசாக வருகின்றன. கோல்ட்பர்க் அந்தத் தொடருக்கே அத்தியாயங்கள் எழுதியவர். அவருடைய முதல் 'மங்க்' நாவலின் கதை பிறகு தொடரில் ஓர் அத்தியாயமாகவும் வந்தது.

புத்தகத்திலிருந்து திரைக்குப் போன இன்னொரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் 1966-இல் தொடங்கியது. அதில் சூலு என்ற கதாபாத்திரத்துக்கு முதல் பெயரே கிடையாது. 1981-இல் வோண்டா மெக்கின்டயர் எழுதிய நாவலில்தான் அவருக்கு ஹிகாரு என்று பெயர் வைத்தார். பத்து வருடம் கழித்து, 1991-இல் வந்த திரைப்படத்தில் அந்தப் பெயரைத் திரையிலேயே சொன்னார்கள். 'துணை நூல்' என்று ஒதுக்கப்பட்ட ஒன்றிலிருந்து ஒரு மனிதருக்கு முழுப்பெயர் கிடைத்திருக்கிறது.

எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். திரைக்கதை வசனத்துக்குப் பின்னால் 'என்றார்', 'என்றாள்' ஒட்டிப் புத்தகமாக்கியவையும் நிறைய உண்டு. அவற்றில் ஒருவர் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை புருவத்தை உயர்த்துவார், ஏனென்றால் நடிகர் அப்படிச் செய்வார். அந்தப் புருவத்துக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று எழுதவே மாட்டார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன்.

அப்புறம் சமையல் புத்தகம். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

சமையல் நிகழ்ச்சியில் எல்லாம் அழகாக நடக்கும். நறுக்கியது கிண்ணத்தில் தயாராக இருக்கும், வெந்தது அடுத்த அடுப்பில் தயாராக இருக்கும். நேரம் அங்கே காணாமல் போய்விடுகிறது. நல்ல சமையல் புத்தகம் அந்த நேரத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. வெங்காயத்தைச் சோதனையாக வைத்துப் பார்க்கலாம். மிதமான தீயில் வெங்காயம் ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வர முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதில் பெரும்பகுதி தண்ணீர், அது வற்றும் வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியேதான் நிற்கும், வற்றிய பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும். 'பத்து நிமிடம் வதக்கவும்' என்று போட்டு அந்தப் பழுப்பு நிறத்தை எதிர்பார்க்கிற புத்தகத்தை எழுதியவர் அடுப்புக்கு முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எந்தச் சமையல் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் வெங்காயம் வதக்கும் வரியைத்தான் முதலில் தேடுவேன்.

வடிவத்தைப் பாருங்கள். 'தேவையான பொருட்கள்', கீழே 'செய்முறை' என்று இன்று நாம் சாதாரணமாக நினைக்கிற ஒழுங்கு மெதுவாகத்தான் வந்தது. பழைய புத்தகங்களில் அளவு, பொருள், வேலை எல்லாம் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். இங்கிலாந்தில் எலிசா ஆக்டன் 1845-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் பொருட்களையும் அளவையும் நேரத்தையும் தனியாகத் தொகுத்துக் கொடுத்தார். 1861-இல் இசபெல்லா பீட்டன் அந்தப் பட்டியலைக் குறிப்பின் தலைப்பக்கம் கொண்டுவந்தார். பீட்டனின் குறிப்புகளில் நிறைய மற்றவர்களிடமிருந்து எடுத்தவை, ஆக்டனிடமிருந்தும்கூட. ஆனாலும் உலகத்தில் பெயர் நின்றது பீட்டனுக்கு. இதில் எனக்கு ஆக்டன் பக்கம்தான் மனசு. அவர் அடிப்படையில் கவிதை எழுதியவர், அவர் வாக்கியத்தில் ஒரு மனிதக் குரல் கேட்கும். எங்கே தவறு நடக்கும் என்று பக்கத்தில் நின்று சொல்கிற குரல் அது.

அமெரிக்காவில் 1896-இல் ஃபேனி ஃபார்மர் தட்டி மட்டம் செய்த கோப்பை, மட்டம் செய்த கரண்டி என்று அளவைக் கறாராக்கினார். 1936-இல் இர்மா ராம்பவர் வேறு திசையில் போனார். 1931-இல் சொந்தச் செலவில் அச்சடித்த தன் சமையல் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது, பட்டியலை மேலே வைக்காமல், எந்தப் பொருள் எப்போது தேவையோ அந்த இடத்தில் செய்முறைக்குள்ளேயே அதை நுழைத்தார். இதை வாசிக்கும்போது எனக்குக் கதைதான் நினைவுக்கு வரும். முதல் அத்தியாயத்திலேயே எல்லாரையும் அறிமுகம் செய்துவிடுகிற நாவல் உண்டு, ஆள் வர வேண்டிய நேரத்தில் கதவைத் திறக்கிற நாவலும் உண்டு. ராம்பவர் இரண்டாவது வகை.

இன்னொன்று: சமையல் குறிப்பு முழுக்க 'எடுக்கவும்', 'கிளறவும்', 'மூடி வைக்கவும்' என்றே போகும். அதில் வேலை செய்கிற ஆள் நாம்தான், இன்னும் நடக்காத ஒரு மாலையில். சமைக்காமல் வாசித்தாலும் மனதுக்குள் கை நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த மாலை வராமலே போகலாம், அதனால் வாசிப்பு வீணாகிவிடுவதில்லை. 1950-இல் எலிசபெத் டேவிட் மத்தியதரைக்கடல் சமையல் பற்றிய தன் முதல் புத்தகத்தை வெளியிட்டபோது பிரிட்டனில் இன்னும் ரேஷன் முறை இருந்தது, அது முழுசாக முடிந்தது 1954-இல்தான். அவர் எழுதிய பொருட்களில் பல கடையில் கிடைப்பதே அரிது. வாங்க முடியாத பொருட்களின் பெயர்களை மக்கள் வாசித்தார்கள்.

அதைவிடக் கனமான சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நடத்திய தெரேசியன்ஸ்டாட் முகாமில் பட்டினி கிடந்த யூதப் பெண்கள் தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதி வைத்தார்கள். மினா பெக்டர் என்ற பெண் அந்தக் கையெழுத்துப் பிரதியை மகளிடம் சேர்க்கச் சொல்லி ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு 1944-இல் அங்கேயே இறந்தார். கால் நூற்றாண்டு கழித்துத்தான் அது மகள் கைக்கு வந்தது, 1996-இல் புத்தகமாக வந்தது. சில குறிப்புகளில் ஒரு பொருளோ ஒரு படியோ விடுபட்டிருக்கிறது. சமையல் புத்தகத்தைப் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுவேன்.

திரைக்கும் சமையல் புத்தகத்துக்கும் உள்ள வழியும் ஒருவழிப் பாதை இல்லை. ஜூலியா சைல்ட் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதிய பிரெஞ்சு சமையல் புத்தகம் 1961-இல் வந்தது. அதைப் பற்றிப் பேச பாஸ்டன் டிவி நிலையத்துக்குப் போனவர் அங்கேயே ஆம்லெட் போட்டுக் காட்ட, பார்த்தவர்கள் இன்னும் வேண்டும் என்று கடிதம் எழுத, 1963-இல் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. ஆனால் 1970-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிரெஞ்சு ரொட்டிக்கான குறிப்பு மட்டும் ஏறத்தாழ 20 பக்கம். அந்த 20 பக்கத்தை எந்த நிகழ்ச்சியிலும் காட்ட முடியாது.

இரண்டு வகையும் சேர்ந்து வரும் புத்தகங்களும் உண்டு, அதாவது தொடரை ஒட்டிய சமையல் புத்தகங்கள். பெரும்பாலானவற்றில் சாதாரணக் குறிப்புக்கு மேல் ஒரு கதாபாத்திரத்தின் பெயரை ஒட்டியிருப்பார்கள். அதை வாங்காதீர்கள். விதிவிலக்காக எனக்குப் பிடித்தது, 'சோப்ரானோஸ்' என்ற அமெரிக்க மாஃபியா தொடரை ஒட்டி 2002-இல் வந்தது. தொடரில் வரும் உணவக முதலாளி தொகுத்தது போலவே எழுதப்பட்டிருக்கும், குறிப்புகளைக் கொடுத்தவர் நிஜத்தில் இத்தாலியச் சமையல் புத்தகங்கள் எழுதுபவர். சமையலும் சரியாக இருக்கிறது, குரலும் சரியாக இருக்கிறது.

தொடங்க நினைத்தால் இரண்டு யோசனை. நாவலில், ஏற்கெனவே பார்த்த அத்தியாயத்தின் நாவல் வடிவத்தை விட்டுவிட்டு, நாவலுக்கென்றே புதிதாக எழுதிய கதையை எடுங்கள், எழுத்தாளர் யார் என்பது அங்கேதான் தெரியும். சமையல் புத்தகத்தில், உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும் ஒரு பண்டத்தின் பக்கத்தைக் கடையிலேயே புரட்டி வாசியுங்கள். நீங்கள் கையால் மட்டும் தெரிந்து வைத்திருந்த ஏதாவது ஒன்றை அவர் வாக்கியமாக எழுதியிருந்தால், தயங்காமல் வாங்குங்கள்.