கந்தகம் குறைந்தால் கார்பனும் குறையுமா?

கேள்வி: கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 2020 முதல் வெகுவாகக் குறைத்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் கப்பல்களால் புவி வெப்பமடைவதும் குறைந்திருக்க வேண்டுமே?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: குறையவில்லை, அவை வேறு வேறு கணக்குகள். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின் அடியில் தங்கும் கசடு எண்ணெயைத்தான் பெருங்கப்பல்கள் நெடுங்காலமாக எரித்து வந்தன. ஆறினால் தார்போல் கெட்டிப்படும் அதை, நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி இளக்கிய பிறகே இன்ஜினுக்குள் செலுத்த முடியும். அதில் 3.5 விழுக்காடு வரை அனுமதிக்கப்பட்டிருந்த கந்தகத்தை, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி 1 முதல் 0.5 விழுக்காடாகக் குறைத்தது. துறைமுகத்தை ஒட்டி வாழ்வோரின் நுரையீரலுக்கு இது மெய்யான ஆறுதல். ஆனால், புகையைக் கடல்நீரால் கழுவும் கருவியைப் பொருத்திக்கொண்ட கப்பல்கள் பழைய எண்ணெயையே எரிக்கலாம். அவற்றுள் பல, கழுவிய நீரைக் கடலிலேயே விட்டுவிடுகின்றன. இதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கலாம். கார்பனை நீக்கினால் எரிவதற்கு எண்ணெயே இராது. ஒரு டன் எரித்தால் சுமார் மூன்று டன் கரியமில வாயு வெளியேறுகிறது. கந்தகப் புகையின் நுண்துகள்களோ வெயிலைச் சிறிது திருப்பியனுப்பி வந்தவை. அந்தத் திரை விலகியதால் வெப்பம் சற்றுக் கூடவே செய்யும்.

கைக்கெட்டும் வழி, வேகத்தைக் குறைப்பது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், பயண நேரம் கூடுவதைக் கழித்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிஞ்சும். மெத்தனால் என்ற ஒருவகை ஆல்கஹாலில் ஓடும் கப்பல்கள் வந்துவிட்டன என்றாலும், அந்த மெத்தனாலைப் புதைபடிவ எரிபொருளான இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரித்தால் பயனில்லை. 2050 வாக்கில் கப்பல்களின் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவதென்று 2023இல் அதே கடல்சார் அமைப்பில் ஒப்புக்கொண்ட நாடுகள், உமிழ்வுக்கு விலை வைக்கும் திட்டத்தின் மீதான முடிவை 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போட்டன.

கேள்வி: கரையில் கட்டி நிற்கும் கப்பல் ஏன் புகைகிறது?
– அதே வாசகர்

பதில்: விளக்குகளுக்கும் பம்புகளுக்கும் குளிர்பதனக் கன்டெய்னர்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், கப்பலிலுள்ள ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கரையிலிருந்து கேபிள் இழுத்து மின்சாரம் கொடுத்தால் அவற்றை நிறுத்திவிடலாம். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் 2004 முதல் இது நடக்கிறது.