வெள்ளை கிரானைட்டில் மஞ்சள் கறை: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "புது வீட்டுச் சமையல் மேடைக்கு காஷ்மீர் ஒயிட் கிரானைட் போட்டோம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அடுப்புப் பக்கம் மஞ்சள் கறை. தேங்காய் எண்ணெய் பாட்டில் வைக்கிற இடத்தில் கருத்த வட்டம். ஆசிட் வாஷ் பண்ணி பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும் என்று ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. குளியலறை டைல்ஸில் சிமென்ட் கறை எடுக்க ஊற்றுகிற ஆசிட்டைத்தான் கொண்டுவருவார்கள். உங்கள் கல்லில் இரும்பு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. ஆசிட் பட்டால் அவை துருவேறி, இல்லாத இடத்திலும் மஞ்சள் படரும். அப்போது போன் செய்து பாருங்கள், எடுக்க மாட்டார். பாலிஷ் என்று பலர் தடவுவது வெறும் மெழுகு. கொஞ்ச நாள் மின்னும், பிறகு அடுப்புச் சூட்டில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் வைத்துத் தேய்த்தாலும் பயனில்லை. கறை கல்லின் மேலே இல்லை, உள்ளே இறங்கியிருக்கிறது.

பெயரில்தான் காஷ்மீர், வெட்டி எடுப்பது மதுரைப் பக்கம். பார்க்க அழகு, ஆனால் உறிஞ்சும் கல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால், கல் உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் என்ற பூச்சை அடிக்கவே இல்லை, அல்லது அடித்தது போய்விட்டது என்று அர்த்தம். இதை விற்கும்போதே சொல்ல ஆள் கிடையாது. கடைக்காரரைக் கேட்டால் கொத்தனார் பார்த்திருக்க வேண்டும் என்பார். கொத்தனாரைக் கேட்டால் கடையைக் கை காட்டுவார். பில்லில் "கிரானைட், இத்தனை சதுர அடி" என்பதோடு சரி, என்ன கல் என்றுகூட எழுதுவதில்லை. எந்தப் பில்லைக் காட்டிப் புகார் கொடுப்பது?

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கல்லில் கடுகு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அது கறை அல்ல, கார்னெட் என்ற தாது, கல்லோடு பிறந்தது. பழைய மீன்குழம்புக் கறை என்று அதைச் சுரண்டிச் சுரண்டிப் பளபளப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அதை எடுத்துத் தருகிறேன் என்று காசு வாங்குபவர்களும் உண்டு. புள்ளிகள் மேடை முழுக்கப் பரவலாக, அடுப்படியில் இருப்பது போலவே மூலையிலும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி கறைக்கு வருவோம். எண்ணெய் வட்டத்துக்கு சமையல் சோடாவைத் தண்ணீரில் இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறும். ஈரத்தோடு துடைத்துவிட்டால் பாடுபட்டது வீண். ஒரு தடவையில் போகாது, மூன்று நான்கு தடவை ஆகலாம். மஞ்சள்தூள் கறைக்கு அதே சோடாவைத் தண்ணீருக்குப் பதில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழையுங்கள், கையில் உறையோடு. கருப்புக் கல் வைத்திருப்பவர்கள் பெராக்சைடு பக்கம் போக வேண்டாம், நிறம் வெளுக்கலாம். இதற்கும் அசையாத எண்ணெய்க்கு அசிட்டோனில் குழைப்பார்கள். அது சட்டென்று தீப்பற்றும். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

கறை போனபின் கிரானைட்டுக்கான, உள்ளே ஊறும் வகை சீலரை நீங்களே வாங்கித் தடவலாம். ஊறியதுபோக மேலே நிற்பதை டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் படலமாகப் படியும். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை; அந்த மாதங்களில் கல் காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். நல்ல வெயில் அடிக்கிற ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.