88 டிகிரிக்குப் பதில் 76 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் காரின் சூடு குறையுமா?

கோடையில் இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகும்போது, அதிலும் பாம்பன் பாலத்து நெரிசலில் ஏசியுடன் நிற்கும்போது, வெப்பநிலை முள் மேலே ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரில் இப்போதுள்ள 88 டிகிரி தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 76 டிகிரி போட்டால் சூடு அடங்குமா, அல்லது பட்டறைக்காரர் சொல்வதுபோல் அதைக் கழற்றியே போட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. அடங்காது, கழற்றவும் கூடாது. முதலாவதை நானே சில ஆண்டுகளுக்கு முன் செய்து பார்த்துக் கைக்காசை இழந்தவன் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பட்டறைகளில் வெறுமனே 'வால்வு' என்று சொல்லப்படும் இந்தச் சிறு பொருளுக்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. சுற்றியுள்ள கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சூடாகும்போது அந்த மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறந்து, கூலண்ட் ரேடியேட்டருக்குப் போக வழி கிடைக்கிறது. மேலே பொறித்திருக்கும் 76, 82, 88 போன்ற எண்கள் திறக்கத் தொடங்கும் வெப்பநிலையைத்தான் குறிக்கின்றன. முழுதாகத் திறப்பதற்கு அதற்கு மேலும் 12 முதல் 15 டிகிரி வரை ஆகும். எனவே தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது இஞ்சின் எந்த வெப்பநிலைக்குக் கீழே போகக்கூடாது என்பதை மட்டுமே. எவ்வளவு உயரே போகலாம் என்பதில் அதற்குப் பங்கில்லை. அந்த வேலை ரேடியேட்டர், விசிறி, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, கூலண்ட் ஆகியவற்றின் பொறுப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலண்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பாலத்தில் நிற்கும் உங்கள் வண்டி 105 டிகிரிக்கு ஏறுகிறது என்றால், இஞ்சின் உண்டாக்கும் வெப்பத்தை வெளியே தள்ள உங்கள் ரேடியேட்டருக்கு 67 டிகிரி வேறுபாடு தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள். 76 டிகிரியில் வேறுபாடு 38 மட்டுமே. அந்த நிலையில் அதே ரேடியேட்டர், 105இல் வெளியேற்றும் வெப்பத்தில் ஏறத்தாழ 57 விழுக்காட்டைத்தான் வெளியேற்றும். மிச்சம் எங்கே போகும்? கூலண்டிலேயே தங்கி, அதை மீண்டும் 105க்குத்தான் கொண்டுபோகும். அந்த உயரத்தில் 76 டிகிரி வால்வும் 88 டிகிரி வால்வும் இரண்டுமே முழுதாகத் திறந்துவிட்டிருக்கும். இரண்டுக்கும் அப்போது எந்த வேறுபாடும் கிடையாது. 76இலிருந்து தொடங்குவதால் ஏறுவதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகும் என்பது உண்மை. ஆனால் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும் கூட்டமும், ரயில் பாலத்தைப் படம் எடுக்க வண்டியை ஓரங்கட்டி இறங்கும் கூட்டமும் சேர்ந்து அரை மணி நேரம் நிறுத்திவைக்கும் பாலத்தில், அந்தச் சில நிமிடங்களால் என்ன பயன்?

என் கதை இதுதான். அப்போது நான் வேலைக்காக இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்கு நாள்தோறும் போய்வந்துகொண்டிருந்தேன். உங்களுக்கு வந்த அதே தொல்லை எனக்கும் வந்தது. மதுரையில் ஓர் உதிரிபாகக் கடையில் அதே அளவுள்ள 76 டிகிரி வால்வு கிடைத்ததும், பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டவன்போல் வாங்கிவந்து மாட்டினேன். கீழக்கரைப் பயணத்தில் இஞ்சின் 78, 79க்கு மேல் போகவே இல்லை. இதற்காக வாங்கிய, காரின் கணினியைப் படிக்கும் சிறிய ஓபிடி கருவியைச் செருகிக் கைப்பேசியில் எண்ணைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். அடுத்த மாதம் உறவினர்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரம் போனபோது, பாலத்தின் நடுவில் அதே எண் 104 காட்டியது. ஏசியை நிறுத்திவிட்டு, எல்லோரும் வியர்த்து வழிய, கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு ஊர்ந்தோம். பின் இருக்கையிலிருந்து அத்தை, "வண்டிய மாத்திட்டேன்னு சொன்னியே தம்பி, என்னத்த மாத்துன?" என்று கேட்டார். இதற்கிடையே எரிபொருள் செலவு கூடியிருந்தது. இஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரியத் தொடங்கியது. கருவி காட்டிய குறியீடு பி0128. தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய வெப்பநிலையை இஞ்சின் எட்டவில்லை என்பதே அதன் பொருள். கணினி என் கெட்டிக்காரத்தனத்தைப் பழுதாகப் பதிவுசெய்திருந்தது.

செலவு கூடியதற்குக் காரணம் உண்டு. கூலண்ட் போதிய அளவு சூடாகாதவரை, இஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணிக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தரக்கூடும். அந்தக் கூடுதல் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலில் தங்கினால், அதை ஆவியாக்கி வெளியேற்ற ஆயில் நன்றாகச் சூடேற வேண்டும். குறைந்த சூட்டில், குறுகிய தூரம் ஓடும் வண்டியில் அது நடப்பதில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மையும் பழுப்புமாகப் பாலாடைபோல் படிந்தால் அதுவும் ஓர் அறிகுறி. வெப்பநாட்டில் இஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நம் ஊர் எண்ணம் இயல்பானதுதான். இஞ்சினுக்கு அது பொருந்தாது.

கழற்றிப் போடுவது இதைவிட மோசமான யோசனை. "நம்ம ஊரு வெயிலுக்கு இந்த வால்வே தேவையில்லண்ணே, கழட்டிட்டா தண்ணி தாராளமா ஓடும்" என்று எனக்கும் ஒருவர் சொன்னார். பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத்தில் இன்னொரு தட்டு இருக்கும். மேல்வழி திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை மூடுகிறது. வால்வைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்பித் திரும்பி ஓடும். காலையில் சூடாகாமலும், நெரிசலில் முன்பைவிடக் கூடுதலாகச் சூடாகியும் வண்டி இரண்டு வகையிலும் படுத்தும்.

குறைந்த டிகிரி வால்வுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கையேடுகளில் வெப்பநாடுகளுக்கு 74, பொதுவாக 82, குளிர்நாடுகளுக்கு 88 என்று மூன்று வகை தரப்பட்டிருந்தன; கார்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருப்பவர் அதன்படி செய்யலாம். உங்கள் இஞ்சினுக்கே நிறுவனம் 82, 88 என்று இரண்டையும் பட்டியலிட்டிருந்தால், நம் கரைக்கு 82ஐத் தேர்வதில் தவறில்லை. அதற்கு மேல் இறங்க வேண்டாம். மேலும், மின்விசிறி எப்போது ஓட வேண்டும் என்பது தனியாக அமைக்கப்பட்டது. பெரும்பாலான கார்களில் அது 90க்கு மேல்தான் தொடங்கும். ஏசி ஓடாத நேரத்தில், நின்ற வண்டியில் 76 டிகிரி வால்வு போட்டாலும் விசிறி தொடங்கும் அளவுவரை சூடு ஏறத்தான் செய்யும். மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படும் தெர்மோஸ்டாட் உள்ள புதிய கார்களில் இந்த விளையாட்டே வேண்டாம்.

அப்படியானால் எங்கே தேடுவது? என் வண்டியில் குற்றவாளி ரேடியேட்டர். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. வெளியே பார்த்தால் பழுதில்லாததுபோல்தான் இருந்தது. ஆனால் விளக்கடித்து விரலால் மெல்லத் தடவியபோது, குழாய்களுக்கு இடையே இருக்க வேண்டிய மெல்லிய ஃபின்கள் நனைந்த பிஸ்கட்போல் உதிர்ந்து கையில் ஒட்டின. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஆண்டுக்கணக்கில் இரவில் நிறுத்திய வண்டி அது. உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும்போது முதலில் போவது இந்தத் தகடுகளும், அவை குழாயோடு ஒட்டியிருக்கும் இணைப்பும்தான். குழாய் ஓட்டையாகும்வரை ரேடியேட்டர் நன்றாக இருப்பதாகவே எல்லோரும் நினைப்பார்கள். அதற்குள் அது பாதி வேலையை இழந்திருக்கும். கரையோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் தெர்மோஸ்டாட் எண்ணைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது ரேடியேட்டர் மாட்டிய பின், 88 டிகிரி வால்வோடு, அதே பாலத்தில், அதே நெரிசலில், 97க்கு மேல் ஏறவில்லை.

இரண்டாவதாக விசிறியின் மின்னிணைப்புகளையும் ரிலேயையும் பாருங்கள். உப்பு ஏறிய இணைப்பில் பச்சை பூத்திருக்கும். விசிறி சுற்றும், ஆனால் உரிய வேகத்தில் சுற்றாது. இரண்டு வேகம் உள்ள விசிறியில் ஒன்று மட்டும் இறந்துபோவதும் உண்டு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட சந்தில், தனுஷ்கோடிச் சாலையில் பறக்கும் மணலும் சீமைக்கருவேலச் சருகும் சேர்ந்து மெத்தைபோல் அடைத்துக்கொள்ளும். இஞ்சின் ஆறியிருக்கும்போது உள்ளிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மிச்சமிருக்கும் ஃபின்களும் மடங்கிப் படுத்துவிடும்.

எந்த நேரத்தில் சூடேறுகிறது என்பதையும் கவனியுங்கள். நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறியிலோ காற்று வழியிலோ குறை. நெடுஞ்சாலை வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டரின் உள்அடைப்பு, வாட்டர் பம்ப், உறிஞ்சும்போது சப்பிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவற்றை நோக்க வேண்டும். காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறி, மேல் ஹோஸ் கொதிக்கக் கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால், அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். கூலண்ட் தொட்டியில் விடாமல் குமிழிகள் வந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது இஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு, பழுதாகியிருக்கலாம்; வண்டியை ஓட்டாதீர்கள். நம் பகுதிக்கே உரிய இன்னொன்று காற்றின் திசை. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் மண்டபத்திலிருந்து பாம்பன் நோக்கிப் போகும்போது காற்று முதுகில் அடிக்கிறது. நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றும் பின்னாலிருந்து 30இல் வீசினால், ரேடியேட்டருக்குக் கிடைப்பது 10 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். திரும்பி வரும்போது முள் இறங்கியே இருக்கிறதே என்று நான் வியந்ததற்குக் காரணம் இதுவே.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சூடேறியதும் கிடைத்த அடிபம்பில் தண்ணீர் பிடித்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாவட்டத்தின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உவர். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும், கடினத்தன்மை உப்புகள் குழாய்க்குள் படியும். வீட்டுக்கு வரும் காவிரிக் குடிநீரும் இதற்கு ஏற்றதன்று. கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். அல்லது கலந்தே வரும் கூலண்டை வாங்குங்கள். சரிபாதிக் கலவை மூடியின் அழுத்தம் இல்லாமலேயே 106 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் அதை மேலும் உயர்த்துகிறது. அதனால் ரப்பர் காய்ந்துபோன பழைய மூடியை மாற்றுவது, இந்தப் பட்டியலிலேயே குறைந்த செலவில் முடியும் வேலை. சூடாக இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

இருக்கிற வால்வின்மீதே ஐயம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். வால்வின் தட்டைச் சற்று அழுத்தித் திறந்து, இடுக்கில் ஒரு நூலைக் கடிக்கவைத்து, சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய சட்டித் தண்ணீரில், அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அடுப்பை மெல்ல எரியவிட்டு, வால்வு நூலை விட்டுவிட்டு விழும் கணத்தில் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால், அதுதான் அது திறக்கத் தொடங்கும் புள்ளி. பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருந்தால் வால்வு நல்லது. வெகு முன்பே விழுந்தாலும், கொதிக்கும்வரை விழாவிட்டாலும் மாற்றுங்கள். மாற்றும்போது அதே 88.

மாட்டும்போது மெழுகுக் குப்பி இஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். தட்டில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேற்புறமாக அமைய வேண்டும். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். கூலண்டை நிரப்பிக் காற்றை முழுதாக வெளியேற்றி, ஒரு முறை ஓட்டிவிட்டு, மறுநாள் காலை இஞ்சின் ஆறிய நிலையில் தொட்டியின் அளவைப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் நிரப்பிவிட்டு, அதற்கடுத்த நாளும் ஒருமுறை பாருங்கள்.