வே புரோட்டீன்: டப்பாவைத் திறக்கும் முன்

கேள்வி: அண்ணா, வே புரோட்டீன் ஸ்டீராய்டா? டப்பாவைப் பார்த்ததும் அம்மா பயந்துவிட்டார்.

பதில்: இல்லை தம்பி, அது பால். வெதுவெதுப்பான பாலில் எலுமிச்சை பிழிந்து அம்மாவிடம் காட்டு. கட்டி ஒருபக்கம் திரளும், வெளிர்மஞ்சள் தண்ணீர் ஒருபக்கம் நிற்கும். பால் புரதத்தில் சுமார் 80 சதவீதமான கேசீன் அந்தக் கட்டியில் இருக்கிறது. மீதி 20 சதவீதம் தண்ணீரில், அதுதான் வே. சீஸ் செய்தபின் மிஞ்சும் இந்தத் தண்ணீரை முன்பெல்லாம் பன்றிக்கு ஊற்றினார்கள். இப்போது வடிகட்டி, உலர்த்தி, டப்பாவில் அடைத்து நம்மிடம் விற்கிறார்கள்.

கேள்வி: வே பொடியில் கான்சென்ட்ரேட், ஐசோலேட் என்று வகை போட்டிருக்கிறதே, எதை வாங்கலாம்? குடித்தால் வயிறு உப்புகிறது.

பதில்: அப்படியென்றால் ஐசோலேட். அதில் 90 சதவீதம் அளவுக்குப் புரதம், லாக்டோஸ் மிகக் குறைவு. கான்சென்ட்ரேட்டில் அந்தப் பால் சர்க்கரை கொஞ்சம் தங்கிவிடும். வயிறு ஏற்றுக்கொண்டால் அதுவே போதும். ஆனால் பால் குடித்தால் தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும் என்பவர்களுக்குப் புரதமே ஒவ்வாமை. அவர்கள் இரண்டையும் தொடக்கூடாது.

கேள்வி: டப்பா மேல் பெரிதாகப் போட்டிருக்கும் கணக்கை நம்பலாமா?

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். ஒரு ஸ்கூப் 30 கிராம், அதில் புரதம் 24 என்றால் 80 சதவீதம். நல்ல சரக்கு. நான் முதலில் வாங்கியதில் '22 கிராம் புரதம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஸ்கூப் எடை 46 கிராம் என்பதை டப்பா பாதி காலியான பிறகுதான் பார்த்தேன். பாதிக்கு மேல் சர்க்கரையும் மாவும்!

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது, அதைப் பெருக்கிப் புரதக் கணக்குச் சொல்கிறார்கள். நைட்ரஜன் உள்ள மலிவான பொருட்களான கிளைசினையோ டாரினையோ கலந்தாலும் நைட்ரஜன் ஏறும், தசைக்கு வேண்டிய லியூசின் என்ற புரதக்கூறு ஏறாது. சேர்மானப் பட்டியலில் அவை தனியாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எடை 70 கிலோ. தினமும் எத்தனை ஸ்கூப்?

பதில்: சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? சாதாரண ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது 56. தொடர்ந்து எடை தூக்குபவருக்கு 1.6 என்று வைத்தால் 112. சாப்பாட்டில் 88 வந்தால் குறை 24, ஒரு ஸ்கூப்பில் தீர்ந்தது. சாப்பாட்டிலேயே 112 வந்துவிட்டால் டப்பாவுக்கு வேலையே இல்லை.

கேள்வி: பயிற்சி முடிந்த அரைமணிக்குள் குடிக்காவிட்டால் வீணா?

பதில்: இல்லை. நாள் முழுக்கச் சேரும் மொத்தம்தான் முக்கியம்.

கேள்வி: கிட்னி போய்விடும் என்கிறார்களே, சார்?

பதில்: நல்ல சிறுநீரகத்தை இந்த அளவு கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே கோளாறு இருந்தால் கதை வேறு, டாக்டர் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். அப்புறம், வீட்டில் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர் இருந்தால், புரதம் அந்த மருந்தை உடலில் ஏறவிடாமல் மறிக்கும். மாத்திரை நேரத்தில் இதைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வெந்நீரில் கலந்தால் கட்டி கட்டியாகிறது. சத்து போய்விட்டதா?

பதில்: சத்து அப்படியேதான் இருக்கும், முட்டை வெந்தால் திரள்வதுபோல்தான் இதுவும். குடிக்கத்தான் முடியாது. குளிர்ந்த தண்ணீரை முதலில் ஊற்றி, பொடியை மேலே போட்டுக் குலுக்குங்கள். குடித்ததும் ஷேக்கரைக் கழுவிவிடுங்கள். மூடியபடி பையில் ஒரு ராத்திரி மறந்துவிட்டால், காலையில் மூடியை மூக்குக்கு எட்டத்தில் வைத்தே திறங்கள்.