ஒயரை இழுத்தாயிற்று, லினக்ஸ் கர்னலுக்குச் சொன்னீர்களா?

கேள்வி: ராஸ்பெர்ரி பையில் எம்பியு-6050 அசைவு சென்சார் மாட்டினேன். ஐ2சி (இரண்டு ஒயர்த் தொடர்பு) முகவரி தெரிகிறது, இன்டரப்ட் (அழைப்பு) சிக்னல் தரும் ஐஎன்டி பின்னும் பையின் ஜிபிஐஓ 4 என்ற பின்னில்தான் இருக்கிறது. ஆனாலும் டிரைவர் 'ஐஆர்க்யூ 0' (இன்டரப்ட் எண் 0) என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த ஐஎன்டி ஒயர் இருப்பதே லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குத் தெரியாது! யுஎஸ்பி மாதிரி ஐ2சி சாதனம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளாது. எந்தப் பின் எங்கே போகிறது என்று டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பில் நாம்தான் எழுதித் தரவேண்டும். அதில் சென்சாரின் நோடில் (அதற்கான பகுதியில்) இன்டரப்ட்-பேரன்ட்டாக, அதாவது இன்டரப்ட்டை வாங்கிக்கொள்வதாக, ஜிபிஐஓ-வைக் காட்டி, இன்டரப்ட்ஸ் வரியில் 4, 1 என்று இரண்டு எண்களைக் கொடுங்கள். முதலாவது பின் எண். இரண்டாவது 1 என்றால் சிக்னல் ஏறும்போது, 2 என்றால் இறங்கும்போது; இதை மாற்றிப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க சாலிடரிங்கைச் சந்தேகப்படாதீர்கள். சரி, அப்புறம் அளவீட்டை எடுக்கச் சொல்லும் ட்ரிகரை டிரைவரே உருவாக்கிக்கொள்ளும், அளவீடு தயாரானதும் சென்சாரே கூப்பிடும்.